உண்ண, வாங்க, தங்க

தெற்கே இருக்கும் அந்தப் பெருநகரத்தில் வெளியூர்க்காரர்களை யாரும் அடிப்பதில்லை. உபசரிக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நகர உபசார வாரியம் தன் கையேட்டின் முதல் பக்கத்திலேயே விளக்கியிருக்கிறது. அடி என்பது காரணமில்லாமல் விழுவது. உபசாரம் விதிப்படி விழுவது.

கையேட்டின் பெயர் 'எங்கே உண்பது, எங்கே வாங்குவது, எங்கே தங்குவது'. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். 'தெற்கின் துடிப்பான நகரம் உங்களை விடாது' என்று அட்டையில் போட்டிருக்கும். வாரியம் பொய் சொல்வதில்லை என்பதை நான் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நகரத்துக்கு ஒரு நாள் காலை பத்து மணி ரயிலில் ஒரு தராசுக்காரர் வந்து இறங்கினார். வடக்கே ஒரு சின்ன ஊரில் கடைகளின் தராசுகளைப் பழுது பார்ப்பவர். ஐம்பது வயது. சண்டை என்று அவர் பார்த்ததெல்லாம் எடை குறைந்ததென்று இரண்டு பேர் கத்திக்கொள்வதுதான். அதையும் தன் எடைக்கற்களை வைத்து ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடுவார்.

அவருக்கு ஒரே தங்கை. அவளுக்கு இதய வால்வில் கோளாறு. அந்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு மாதம் காத்திருந்து, அன்று மாலை நான்கு மணிக்கு அறுவை சிகிச்சைக்கு முறை கிடைத்திருந்தது. தவறினால் அடுத்த முறைக்கு ஆறு மாதம் ஆகும். அந்த இதயம் ஆறு மாதம் தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தங்கையோ, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிவாதம் அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கு, பொறுமை ஆண்களுக்கு.

ரயில் நிலையத்தின் வெளி வாசலில் வாரியத்தின் வருகைக் கவுண்டர் இருந்தது. கவுண்டர்காரர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"எதுக்கு வந்தீங்க?"

"தங்கச்சிக்கு ஆபரேஷன் சார். பாக்க வந்தேன்."

"அது சரி. உண்ணவா, வாங்கவா, தங்கவா?"

"மூணும் இல்லீங்க. பாக்க."

கவுண்டர்காரர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "பாக்கன்னு கட்டமே இல்லையே. மூணு கட்டம்தான். மூணுலயும் டிக் போட்டுடறேன், உங்க நல்லதுக்குத்தான்."

"நாலு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும் சார்."

"போங்களேன், யாரு வேண்டாம்னா? மூணு இடத்துலயும் முத்திரை வாங்கிட்டு வடக்கு வாசல் வழியா போங்க. அதுக்கு அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரி. முத்திரை இல்லாம போனா வாசல்காரர் முட்டிய உடைச்சிடுவாரு. நல்ல மனுஷன், ஒரு முட்டியோட நிறுத்திப்பாரு."

இதைச் சொல்லிக்கொண்டே தராசுக்காரரின் இடது மணிக்கட்டில் பயணி என்ற அடையாளத்துக்கு ஒரு தகர வளையத்தை மாட்டி, சுத்தியால் நான்கு அடி அடித்து மூடினார். மூன்றாவது அடியில் தோலும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"நல்லது. உணர்ச்சியுள்ள பயணி" என்று படிவத்தில் எழுதி, கையேட்டை அவர் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டுக் கையில் கொடுத்தார். அது வரவேற்பு. கையேட்டில் கெட்டி அட்டை ஏன் என்று பலர் கேட்பதுண்டு.

வாரியத்தில் உணவுப் பிரிவு, கடைப் பிரிவு, தங்கும் பிரிவு என்று மூன்று பிரிவுகள். ஒரு பயணிக்கு முதல் முத்திரை குத்தும் பிரிவுக்கே ஆண்டு விழாவில் கேடயம். அதனால் கவுண்டருக்கு வெளியே மூன்று பிரிவு ஆட்களும் கம்புகளோடு நின்று வெளியூர்க்காரர்களை அன்புடன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு உணவுப் பிரிவு முந்திக்கொண்டது. கடைப் பிரிவு ஆள் ஒருவரின் மூக்கை உடைத்துவிட்டுத் தராசுக்காரரைச் சட்டைக் காலரோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

கையேட்டின் முதல் பரிந்துரையான அந்த உணவகத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள், கண்ணாடிப் பூச்சாடிகள், மல்யுத்தம் கற்ற பரிமாறுபவர்கள். தராசுக்காரர் ரயிலிலேயே காலைச் சாப்பாட்டை முடித்திருந்தார். அதைச் சொன்னார். பரிமாறுபவர் அவர் வயிற்றில் முழங்காலை வைத்து அழுத்திப் பார்த்து, "இடம் இருக்கு" என்றார்.

பக்கத்து மேசையில் குடும்பத்தோடு வந்த ஒருவர் சூப் கொஞ்சம் ஆறியிருப்பதாகச் சொன்னார். முதலாளி வருத்தத்தோடு அடுப்படிக்குப் போய், கொதிக்கிற பாத்திரத்தை எடுத்து வந்து அவர் மடியில் கவிழ்த்தார்.

"இப்போ சூடு சரியா இருக்குங்களா?"

அவர் கத்தியதில் 'இருக்கு' என்ற சொல்லும் இருந்தது.

"கருத்துக்கு நன்றி சார்" என்று வணங்கிய முதலாளி, தராசுக்காரர் பக்கம் திரும்பினார். "வாடிக்கையாளர்தாங்க எங்களுக்குத் தெய்வம். இருபது வருஷமா இந்தக் கொள்கையிலதான் நடத்திக்கிட்டு இருக்கேன். தெய்வம் எப்பவாச்சும் வாயத் திறந்து குறை சொல்லிப் பாத்திருக்கீங்களா? வச்சதைச் சாப்பிடும். அடுத்த வேளைக்குக் காத்திருக்கும்."

தெய்வம் ஒன்பது தட்டுச் சாப்பிட்டது. ஏழாவது தட்டில் கை தூக்கியபோது ஒருவர் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் ஊட்டினார். கரண்டி பட்டு முன்பல் ஒன்று ஆடியது. நடுவில் செல்போன் அடித்தது. நல்ல வேளையாக, சாப்பிடும்போது பேசத் தடை இல்லை. பேசியது தங்கையின் கணவர்.

"மச்சான், எங்க இருக்கீங்க? மணி பன்னெண்டரை. இவ வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா."

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் மாப்ள."

"சாப்பிடறீங்களா! நாங்க இங்க காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

"நானா சாப்பிடல மாப்ள. ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டு ஊட்டறாங்க."

"கொடுத்து வச்சவரு" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார்.

கடைசியில் படம் எடுத்தார்கள். முத்திரை குத்துமுன் பயணியின் திருப்தியான முகத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. தராசுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கட்டைவிரல்களை அவர் வாயின் இரு ஓரங்களிலும் விட்டு இழுத்தார்கள். உதடு கிழிந்தது. ஆனாலும் படம் நன்றாக வந்திருந்தது. பிறகு அவரைக் குனியவைத்து, முதுகையே மேசையாக்கி, கையேட்டைப் பிரித்து வைத்து இரும்பு முத்திரையால் குத்தினார்கள். உள்ளே ஒரு விலா எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முத்திரை தெளிவாக விழுந்துவிட்டது என்று திருப்தியடைந்தார்கள்.

வெளியே கடைப் பிரிவு ஆட்கள் காத்திருந்தார்கள். காலர் முன்பே கிழிந்துவிட்டதால் காலைப் பிடித்து இழுத்துப் போனார்கள். துணிக்கடையில் அவரை ஒரு நாற்காலியில் கட்டி உட்காரவைத்து, பழைய சட்டையைப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டினார்கள். சட்டை எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்று வெட்டியவர் அதிகம் கவலைப்படவில்லை. தோளிலிருந்து ரத்தம் வழிந்தது. அதைப் பார்த்து, "சிவப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று ஒரு சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டார்கள்.

கடைப் பிரிவின் மேலாளர் மடியில் இரும்புக் கம்பியை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். மென்மையாகப் பேசுகிறவர்.

"கட்டாயம்ங்கிற வார்த்தையே எங்க பிரிவுல கிடையாது. பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. சொல்லித்தான் பாருங்களேன்."

தராசுக்காரர் சட்டை நன்றாக இருப்பதாகச் சொன்னார். உண்மையிலேயே தையல் நன்றாகத்தான் இருந்தது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கடைச் சிப்பந்தி ஒருவர் பழக்கதோஷத்தில் அவர் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுவிட்டார். எதிர்ச்சாரியில் நின்ற உணவுப் பிரிவு ஆள் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்.

"கடையில வச்சு ஊட்டறியா? உண்ண எங்க பிரிவுடா!"

கண்ணாடி உடைந்தது. அடுப்படிக் கத்திகளும் துணி அளக்கும் இரும்புக் கோல்களும் மோதின. ஒரு தலை, பணப்பெட்டியின் இழுப்பறைக்குள் வைத்து நான்கு முறை மூடப்பட்டது. உணவுப் பிரிவு ஆள் ஒருவரின் காது அறுந்து விழுந்தது. கடைச் சிப்பந்தி, கீழே விழும் எதையும் மடித்துப் பெட்டியில் வைத்தே பழகியவர், அதையும் ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து நூல் கட்டி, 'மகிழ்ச்சியாக அணியுங்கள்' என்று உரியவரிடமே கொடுத்தார்.

நடுவில் இருந்த தராசுக்காரரின் வலது கையை ஒரு பிரிவும் இடது கையை இன்னொரு பிரிவும் பிடித்து இழுத்தன. வாழ்நாள் முழுக்கத் தராசின் இரு தட்டையும் சமமாக நிறுத்தியவர், அன்றைக்குத் தானே நடுமுள்ளாக நின்றார். வலது தோள் கழன்றது. "பிரிஞ்சிடுவாரு, சீக்கிரம் குத்துங்கப்பா" என்று மேலாளர் கத்த, யாரோ கையேட்டை அவர் முதுகில் வைத்து இரண்டாவது முத்திரையைக் குத்தினார்கள். அவர் முழங்காலும் ஒரு கையுமாகத் தவழ்ந்து தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

மணி மூன்று பத்து. தெருக் கோடியில் வடக்கு வாசல் தெரிந்தது. அதை ஒட்டியே தங்கும் பிரிவின் விடுதி. வாசல்காரர் அங்கிருந்தே கூவினார்: "வாங்க வாங்க! ரெண்டு நிமிஷம் கட்டில்ல படுத்து எழுந்தா போதும், முத்திரை ரெடி!" நல்ல மனுஷன் என்று கவுண்டர்காரர் சொன்னது பொய்யில்லை.

இருநூறு அடி தூரம்தான். ஆனால் கண் இருட்டியது. தெருவோரத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் கறுப்பு மசி. அவள் எழுந்து வந்து அவரைத் தாங்கி, தன் முக்காலியில் உட்காரவைத்து, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு பழைய டியூபை நீளமாகக் கிழித்து, கழன்ற கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொங்கக் கட்டினாள்.

"எந்த ஊருண்ணே? எதுக்கு இந்த நரகத்துக்கு வந்தீங்க?"

அவர் சொன்னார். தராசு வேலை, தங்கை, நாலு மணி எல்லாவற்றையும் சொன்னார். காலையிலிருந்து அவரிடம் கேள்வி கேட்டவர்களில் பதிலைக் காதில் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

"அப்ப ஏன் உக்காந்திருக்கீங்க? எழுந்திரிங்கண்ணே. மெதுவா நடந்தாக்கூடப் போயிடலாம்."

அவர் எழுந்தார். அதற்குள் வாரியத்தின் கண்காணிப்பு வண்டி வந்து நின்றது. ஆய்வாளர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடும் நான்கு ஆட்களோடும் இறங்கினார்.

"தண்ணி குடுத்திருக்கே. அது உண்ண. டியூப் குடுத்திருக்கே. அது வாங்க. முக்காலியில உக்கார வச்சிருக்கே. அது தங்க. மூணு பிரிவோட வேலையையும் ஒருத்தியே, அனுமதி இல்லாம, தெருவுல வச்சு செஞ்சிருக்கே. வாயத் திற, காரணம் சொல்லு."

"தாகமா இருந்தாருங்க."

"அது அவரோட காரணம். உன் காரணம் என்ன?"

அவளுடைய காற்றடிக்கும் பம்பையே எடுத்து முதல் ஆள் அவள் முதுகில் அடித்தான். இரண்டாவது ஆள் முக்காலியால் அடித்தான். விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து, "நீங்க போங்கண்ணே, மணியாகுது" என்றாள்.

தராசுக்காரர் போனார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வாசலைப் பார்த்து வேகமாகவே போனார். அங்கே கட்டில், முத்திரை, அதற்கு அப்பால் தங்கை. முப்பது அடி போயிருப்பார். பின்னால் பம்பு எலும்பில் படும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் நின்றார். பிறகு திரும்பி நடந்தார்.

ஏன் திரும்பினார் என்று அவரைக் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. ஆண்டவன் மனிதனுக்குக் கால்களைக் கொடுத்தது ஓடிப் போவதற்கு மட்டும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சண்டை போட அவருக்குத் தெரியாது. அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அடிக்கிறவர்கள் ஒரு கணம் குழம்பினார்கள். விதியில் இதற்கு இடமில்லை. பிறகு ஆய்வாளர், "மேல இருக்கிறதுலேர்ந்து ஆரம்பிங்க" என்றார். பம்பு அவர் தாடையில் விழுந்தது. தாடை உடைந்தது. அடுத்த அடியில் புருவம் பிளந்தது. பூட்ஸ் கால் ஒன்று முகத்தில் நின்று திரும்பியது. அவர் கை மட்டும் அவள் தலையை மூடியபடியே இருந்தது.

மூன்றரைக்கு வாரியத் தலைவரே வந்துவிட்டார். வெள்ளைக் கார், வெள்ளை உடை. தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் கண் கலங்கினார்.

"அடிச்சீங்களா?"

"உபசரிச்சோம் ஐயா."

"அதானே. நம்ம வாரியம் யாரையும் அடிச்சதில்ல. அன்பு அதிகமாகும்போது கை கொஞ்சம் வேகமாப் போகும். பெத்த தாய் இறுக்கி அணைச்சா எலும்பு நோகத்தான் செய்யும்." குனிந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார். முகம் மாறியது. "என்னய்யா இது, ரெண்டு முத்திரைதான் இருக்கு! இந்த ஆளு இப்ப போய்ச் சேந்தா என்ன ஆகறது? தங்காமப் போன பயணின்னு ஆயிடும். முப்பது வருஷத்துல நம்ம நகரத்துல தங்காம ஒருத்தன் செத்ததில்ல!"

"விடுதிக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா ஐயா?"

"மெத்தை வெள்ளையா இருக்கும், பாழாயிடும்." தலைவர் யோசித்தார். நிர்வாகத் திறமைக்காகப் பதக்கம் வாங்கியவர். "ஆஸ்பத்திரியில கட்டில் இருக்கா?"

"இருக்கு ஐயா."

"போர்வை? வேளாவேளைக்கு ரொட்டி? கூப்பிட்டா வர ஆள்?"

"வரமாட்டாங்க ஐயா."

"விடுதியிலயும்தான் வரமாட்டான். சரி, இந்த நிமிஷத்துலேர்ந்து ஆஸ்பத்திரியையும் தங்குமிடமா அறிவிக்கறேன். ஏத்துங்க. அவளையும் ஏத்துங்க, சாட்சிக்கு வேணும். படம் எடுக்கறவன் பின்னாலேயே போகட்டும்."

இப்படியாக, எந்த வாசலில் முட்டியை உடைப்பார்களோ அந்த வடக்கு வாசல் வழியாக, விளக்கு சுழலும் வண்டியில், எல்லோரும் விலகி வழிவிட, தராசுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நடந்து போயிருந்தால்கூட இவ்வளவு விரைவில் போயிருக்க முடியாது. இதை வாரியத்தின் திறமை என்கிறார்கள் சிலர். எனக்கு வேறு ஒருவர் மேல் சந்தேகம்.

மணி நாலுக்கு ஐந்து நிமிடம். அறுவை அறையின் வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருந்த தங்கை, கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடும்மா, டாக்டர் ரெடியா இருக்காரு" என்றாள் நர்ஸ்.

"எங்க அண்ணன் வரட்டும்."

"மச்சான் சாப்பிட்டுட்டு வந்துடுவாரு. நீ போ" என்றார் கணவர்.

அந்த நேரத்தில் இன்னொரு தள்ளுவண்டி வந்து பக்கத்தில் நின்றது. அதில் இருந்தவரின் தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. மூக்கு இருந்த இடத்தில் வீக்கம்தான் இருந்தது. தங்கை பார்த்தாள். பதறிப்போனாள்.

"ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ! சிஸ்டர், இவரை முன்னால கூட்டிட்டுப் போங்க. எங்க அண்ணன்தான் இன்னும் வரலையே."

"உங்க முறை போயிடும்மா. அப்புறம் ஆறு மாசம்."

"போகட்டும். பாத்தா இவரும் யாரோ ஒருத்திக்கு அண்ணன் மாதிரிதான் இருக்காரு."

தராசுக்காரர் பேச முயன்றார். கட்டுக்குள்ளிருந்து ரத்தம்தான் வந்தது. நர்ஸ் அவர் வண்டியைத் திருப்பத் தொடங்கினாள்.

கூட நொண்டிக்கொண்டு வந்த பஞ்சர்காரி வண்டியைப் பிடித்து நிறுத்தினாள். "கொஞ்சம் இருங்க. யாரோ ஒருத்திக்கு இல்லம்மா. இவரு வடக்கேருந்து வந்தவரு. தராசு ரிப்பேர் பண்றவரு. நாலு மணிக்குத் தங்கச்சிக்கு நெஞ்சுல ஆபரேஷன்னு சொன்னாரு."

தங்கை கதவுச் சட்டத்தை விட்டாள். எட்டி அவர் கையைப் பிடித்தாள். திறந்திருந்த ஒற்றைக் கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா?"

கண் மூடித் திறந்தது.

"மச்சான்!" என்று கணவர் சுவரில் சாய்ந்தார். "சாப்பிடறேன்னு சொன்னீங்களே!"

தங்கையின் முகம் ஒரு நிமிடம் அழப் பார்த்தது. பிறகு கோபப்பட்டது. "இது ஒரு முகமாண்ணா? இதைப் பாக்கவா நான் காலையிலேர்ந்து அடம் பிடிச்சேன்? சிஸ்டர், தள்ளுங்க. அண்ணா, நீ இங்கேயே இரு. நான் வெளிய வந்து உன்னை நல்லாத் திட்டணும்."

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போதுதான் தராசுக்காரரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பஞ்சர்காரி தன் கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டாள். வாரியத்தின் படக்காரர் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். வாயை இழுத்துப் பிடிக்க ஆள் கூட்டி வந்திருந்தார். இழுப்பதற்கு வாய் இல்லை. படத்தை எடுத்துவிட்டு அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினாலு வருஷமா திருப்தியான முகம் எடுக்கறேன்" என்றார். கையேட்டை அவர் முதுகில் வைக்காமல் சுவரில் வைத்து மூன்றாவது முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கை இரவு ஏழு மணிக்கு வெளியே வந்தாள். பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, சொன்னபடியே அண்ணனை அரைமணி நேரம் திட்டினாள். தாடை கட்டியிருந்ததால் அவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை; கட்டாவிட்டாலும் பேசியிருக்கமாட்டார். பஞ்சர்காரிக்கு அவர்கள் வார்டிலேயே இருபது நாள் சிறைக்காவல் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்து அவளும் சேர்ந்து திட்டினாள்.

அந்தப் படம் கையேட்டின் அடுத்த பதிப்பில் 'எங்கே தங்குவது' என்ற பகுதிக்கு முகப்பாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஐந்து நட்சத்திரம். அனுமதியில்லாத உபசாரம் என்பதால் பஞ்சர்காரியின் கையைப் படத்திலிருந்து வாரியம் வெட்டி நீக்கிவிட்டுத்தான் அச்சிட்டது. கண்ணுக்குக் கீழே, வெள்ளைக் கட்டின் மேல், கறுப்பாக ஒரு கட்டைவிரல் மசி மட்டும் தங்கிவிட்டது. அச்சுப் பிழை என்று நினைத்துப் பயணிகள் இன்றும் அதை விரலால் தேய்த்துப் பார்க்கிறார்கள். அது போவதில்லை.